புழுதி படிந்த ஜெனரல் லீ: 1/25 மாடலுக்கு வெதரிங் (ஓடிப் பழகிய வண்டிபோல் காட்டுவது) செய்யும் முறை

‘தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ‘ஜெனரல் லீ’ என்ற பெயரில் வரும் ஆரஞ்சு நிற 1969 டாட்ஜ் சார்ஜரை மாடலாகக் கட்டும் பலர், அதை ஷோரூமிலிருந்து இறங்கிய புது வண்டிபோல முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் போய், வீல் வளைவெல்லாம் துரு, கதவெல்லாம் கீறல் என்று நிரப்பிவிடுகிறார்கள். இரண்டும் அந்த வண்டிக்குப் பொருந்தாது. அது மண் சாலையில் ஓடிய வண்டி. ஆனால் பழசாகும் அளவுக்குப் பெரும்பாலான வண்டிகள் உயிரோடு இருந்ததில்லை. 1979 முதல் 1985 வரை 147 எபிசோடுகளுக்கு ஏறக்குறைய 300 சார்ஜர்கள் செலவாகின என்பார்கள். ஒரு பெரிய தாவல் முடிந்தாலே அடிச்சட்டம் வளைந்து, வண்டி கழிவுக்குப் போய்விடும். எனவே துரு வேண்டாம், புழுதிதான் வேண்டும். அந்தப் புழுதி எங்கே படியும், எங்கே துடைபடும் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

முதலில் எந்தக் காலத்து வண்டி என்று முடிவு செய்யுங்கள். முதல் 5 எபிசோடுகள் ஜார்ஜியா மாநிலத்தில், கவிங்டன், கானியர்ஸ் ஊர்களைச் சுற்றி எடுக்கப்பட்டன. அங்கே இரும்புச் சத்து நிறைந்த செம்மண். அதன் பிறகு படப்பிடிப்பு கலிபோர்னியாவுக்கு மாறியது. அங்கே வைக்கோல் நிறத்தில் வெளிறிய புழுதி. இரண்டையும் ஒரே வண்டியில் கலந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே கண் உறுத்தும். பெங்களூருவில் இருப்பவர்கள் ஜார்ஜியா வண்டியை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தேவையான மண் காலடியிலேயே கிடக்கிறது. சர்ஜாபுரம், தேவனஹள்ளி பக்கம் அஸ்திவாரம் தோண்டிப் போட்ட குவியலில் ஒரு கைப்பிடி போதும்.

மண்ணைத் தயார் செய்வது

அப்படியே அள்ளிப் பூசினால் மாடல்மேல் கூழாங்கல் கொட்டியதுபோல் இருக்கும். 1/25 அளவில் 0.04 மி.மீ. மணல் துகள், நிஜ வண்டியில் 1 மி.மீ. கல்லுக்குச் சமம். மெல்லிய துணியில் சலித்தால் மட்டும் இது போகாது. தண்ணீரில் தெளிய வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மண்ணை வெயிலில் காயவைத்து, உரலில் பொடித்து, பழைய நைலான் காலுறையில் சலியுங்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் இரண்டு தேக்கரண்டி போட்டு, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 5 நிமிடம் அசையாமல் வைக்கவும். அதற்குள் 0.02 மி.மீ.க்கு மேற்பட்ட துகள்கள் ஏறக்குறைய எல்லாமே அடியில் உட்கார்ந்துவிடும். மேலே மிதக்கும் சிவப்புத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் தெளிந்த நீரை இறுத்துவிட்டு வண்டலை உலர்த்தினால் முகப்பவுடர் போன்ற பொடி கிடைக்கும். ஒரு காருக்கு அரைத் தேக்கரண்டி தாராளம். பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம், இந்த நுண்துகள் நுரையீரலுக்கு ஆகாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆரஞ்சு உடல்மேல் சிவப்பு மண் விழுந்தால் புழுதியாகத் தெரியாது, பெயின்ட் அழுக்கானதுபோல்தான் தெரியும். 2 பங்கு செம்மண்ணுக்கு 1 பங்கு சாக்பீஸ் பொடி கலந்து வெளிறிய கலவை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான பரப்புகளுக்கு வெளிறியது, இடுக்குகளுக்கும் அடிப்பாகத்துக்கும் அசல் செம்மண். பிக்மென்ட் (இதுபோன்ற நிறப்பொடி) ஈரம் பட்டால் கருக்கும், காய்ந்த பிறகும் முழுதாக வெளுக்காது. அதனால் கலவையை வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகவே கலக்கவும்.

உடல், நிறம்

1/25 அளவில் எம்பிசி, ரெவெல் இரண்டு நிறுவனங்களின் கிட்டுகளும் வந்திருக்கின்றன. நிஜ சார்ஜர் 208 அங்குல நீளம், மாடல் 21 செ.மீ. வரும். இந்த ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: மாடலில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 25 மி.மீ. ஸ்பாஞ்சால் போகிறபோக்கில் ஒற்றி எடுக்கும் ஒரு மி.மீ. சிப் (பெயின்ட் பெயர்ந்த தடம்), நிஜ வண்டியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய காயம்.

உதிரிகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, அச்சுக் கோடுகளை 600, பிறகு 1000 வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுங்கள். சார்ஜரின் பின் தூண் கூரையோடு சேரும் இடத்தை நன்றாகப் பாருங்கள், கோடு அங்கே மீதமிருந்தால் ஆரஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். பள்ளம் இருந்தால் பட்டி வைத்து நிரப்பவும்.

ஆரஞ்சுக்கு மறைக்கும் திறன் குறைவு. சாம்பல் பிரைமர்மேல் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் மங்கலாகவே இருக்கும். வெள்ளைப் பிரைமர், அதன்மேல் வெள்ளையில் துளி சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு, அதற்குமேல் ஆரஞ்சு. டாமியா நிறுவனத்தின் எக்ஸ்-6 ஆரஞ்சு 10 பங்கு, எக்ஸ்-7 சிவப்பு 1 பங்கு, மாடலுக்கென்றே விற்கும் லாக்கர் தின்னர் சம அளவு. ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) 0.3 மி.மீ. நாஸில், காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ, 10 நிமிட இடைவெளியில் 4 மெல்லிய கோட். பெங்களூரு ஜே.சி. ரோடு பெயின்ட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைப் பிளாஸ்டிக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைத்து, பரப்பில் வெடிப்பு வலை விழ வைக்கும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் ஆகும். அடிக்கும்போது கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அணியுங்கள், துணி மாஸ்க் பயன்படாது.

பெங்களூரு வானிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை மழை மாலைகளில் லாக்கர் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி வெண்படலம் கட்டும். காலை 11 மணிக்குமேல் வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். மார்ச், ஏப்ரலில் நேர்மாறு: அக்ரிலிக் நாஸில் நுனியிலேயே காய்ந்து, பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரப்பாகும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் 5 சதவீதம் சேர்த்தால் சரியாகிவிடும்.

போனட், டிக்கி மூடி, கூரை ஆகிய மேல் பரப்புகளின் நடுவில் மட்டும் வெயிலில் வெளுத்த சாயல் கொடுக்கலாம். இதற்கு வெள்ளை சேர்க்கக்கூடாது. ஆரஞ்சோடு வெள்ளை சேர்ந்தால் பீச் நிறமாகிவிடும். மஞ்சளும் துளி பஃப் (வெளிறிய மண்) நிறமும் சேருங்கள்.

டீகேல்

எக்ஸ்-22 கிளியர் அடித்து 48 மணி நேரம் காய்ந்த பிறகே டீகேல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படம்). போர்வெல் தண்ணீரில் டீகேலை ஊறவைத்தால் காய்ந்ததும் கீழே சுண்ணாம்புத் திட்டு தங்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரைப் பயன்படுத்துங்கள். சார்ஜர் கதவின் முன்பகுதியில் உள்ளே குழிந்த இரட்டைப் பள்ளம் உண்டு. கதவில் ஒட்டும் ‘01’ எண் டீகேல் அதன்மேல் பாலம்போல் நின்றுவிடும். டீகேலை இளக்கும் சாஃப்ட்னர் திரவத்தை இரண்டு மூன்று தடவை தொட்டு வையுங்கள். சுருங்கும்போது பயந்து கை வைக்காதீர்கள், காயும்போது தானே இறங்கும்.

தொடரில் இந்த வண்டியின் கூரையில் இருக்கும் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி. 2015இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே அந்தக் கொடி போட்ட பொம்மைகளுக்கு உரிமம் தருவதை நிறுத்தியது. கூரையை வெறுமையாக விடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. ‘01’ இருந்தாலே எந்த வண்டி என்று தெரிந்துவிடும்.

டீகேல் காய்ந்ததும் சாட்டின் கிளியர் ஒரு கோட். பளபளப்பான பரப்பில் பிக்மென்ட் ஒட்டாது, முழு மேட் பரப்பிலோ ஒட்டியது துடைபடாது.

வாஷ், பிறகு புழுதி

இடுக்குக் கோடுகளுக்குக் கருப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) போட்டால் ஆரஞ்சு உடல்மேல் பேனாவால் வரைந்ததுபோல் இருக்கும். கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர் எடுத்து, அட்டைமேல் அரை மணி நேரம் வைத்து எண்ணெயை உறிஞ்சவிடுங்கள். உறிஞ்சாவிட்டால் காய்ந்த பிறகும் பளபளக்கும். 1 பங்குக்கு 10 பங்கு மினரல் டர்பன்டைன் கலந்து, நுனித் தூரிகையால் கோட்டில் தொட்டால் தானாக ஓடும். பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில் டர்பன்டைன் தேங்கவிடாதீர்கள். அடிச்சட்டத்தின் இணைப்புகளில் இறங்கினால் இழுவிசை உள்ள இடத்தில் படக்கென்று விரிசல் விடும்.

புழுதி மூன்று அடுக்காக வரும். முதலில் ஏர்பிரஷ்: பஃப் நிறத்தில் கொஞ்சம் சிவப்புப் பழுப்பு கலந்து, பெயின்ட் 1 பங்கு, தின்னர் 9 பங்கு, 12 பிஎஸ்ஐ. கீழிருந்து மேல்நோக்கி, வீலுக்குப் பின்னால் விசிறிபோல் விரிய வேண்டும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் அதிகம் அடியுங்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, கிளம்பிய புழுதியெல்லாம் சுழன்று பின்பலகையில் வந்து ஒட்டும். பின் விளக்குகளும் பம்பரும் பாதி மறைந்தாலும் தவறில்லை. இரண்டாவது, செம்மண்ணைத் தண்ணீர், மேட் மீடியம் (பளபளக்காத ஒட்டும் திரவம்), ஒரு சொட்டு சோப்போடு குழைத்து, பழைய பல் துலக்கியால் வீல் வளைவின் உட்புறமும் கதவுக்குக் கீழுள்ள பட்டையிலும் தெறிக்கவிடுவது. மேல் பரப்பில் ஒரு துளிகூட விழக்கூடாது, மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, உலர்ந்த வெளிறிய பொடியை மென்மையான தூரிகையால் மேல் பரப்புகளில் தூவி, டர்பன்டைனைத் தூரிகை நுனியால் தொட்டு உறிஞ்சவிடுவது. இதன்மேல் வார்னிஷ் அடித்தால் புழுதி முழுக்க காணாமல் போகும்.

இனிதான் இந்த வண்டியை மற்ற வண்டிகளிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை. கதையில் இதன் கதவுகள் வெல்டிங் செய்து மூடப்பட்டவை. தொடரின் நாயகர்களான போவும் லூக்கும் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார்கள். எனவே கதவுப் பிடியைச் சுற்றிக் கை பட்ட தேய்மானம் இருக்கக்கூடாது. சாதாரண காரில் கதவு திறந்து மூடுவதால் இடுக்கின் ஓரத்தில் புழுதி உதிர்ந்து கோடாகத் தெரியும். இதில் புழுதி இடுக்கைத் தாண்டி விடாமல் ஓட வேண்டும். தேய்மானமெல்லாம் ஜன்னலின் கீழ் விளிம்பில். ஈரப் பட்ஸை விளிம்பில் வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரே இழுப்பு, 12 மி.மீ. அகலம். முன்னும் பின்னும் தேய்த்தால் துணியால் துடைத்ததுபோல் ஆகிவிடும். அதற்கு நேர் மேலே கூரை ஓரத்தில் நான்கு விரல் பிடித்த சிறு தடம். கதவின் நடுவில் ஷூ உரசிய இரண்டு மூன்று மெல்லிய பழுப்புக் கோடுகள், ‘01’இன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு.

லூக் போனட்மேல் சறுக்கிப் போவது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் போனட்டின் குறுக்கே ஒரு பட்டை துடைபட வேண்டும். ஆள் இடுப்பு 40 செ.மீ. என்றால் மாடலில் 16 மி.மீ. பட்டையின் ஓரத்தில் மண் லேசாகக் குவிந்திருக்கும், உள்ளே சறுக்கிய திசையில் மயிரிழைக் கோடுகள். பட்ஸ் பருமனாகத் தெரிந்தால் தட்டையான தூரிகையை டர்பன்டைனில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றிவிட்டு இழுங்கள்.

முன் கண்ணாடியில் வைப்பர் வளைவுக்கு டேப்பை வெட்டி ஒட்டிப் புழுதி அடித்துவிட்டு உரிக்கவும். பக்கவாட்டு ஜன்னல்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்.

வீலின் குரோமைப் பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்து எடுத்து, அலுமினிய நிறம் அடித்து, பள்ளங்களில் கருஞ்சாம்பல் பிரேக் தூசி கொடுங்கள். டயரின் தரை படும் பகுதியை 320 வாட்டர் பேப்பரில் உரசி, வரிகளுக்குள் மட்டும் மண்ணை அடைக்கவும். ஓடிய டயரில் தரை படும் பரப்பு சுத்தமாகவே இருக்கும்.

முடித்த மாடலை அக்ரிலிக் பெட்டியில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். துணி அலமாரியில் வைக்க நேர்ந்தால் அந்துருண்டையை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும்.