கரையிலிருந்து எண்பது காலடி: மலை ஏரியருகே கூடாரமடித்துத் தங்குவது எப்படி

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்து மலையேறி, காட்டை ஒட்டிய ஓர் ஏரியருகே கூடாரமடித்து இரவு தங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தேடுவது தண்ணீரைத் தொட்டபடி இருக்கும் இடத்தைத்தான். அந்த ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்பதே நான் சொல்லும் முதல் யோசனை. கூடாரம் கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர், அதாவது பெரியவர் நடையில் ஏறத்தாழ எண்பது காலடி, தள்ளியிருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தை மாதத்தில் தண்ணீருக்குப் பத்தடி தள்ளிக் கூடாரமடித்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கூடாரத்தின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்திருந்த ஈரம் முகத்தில் சொட்டத் தொடங்கியது. கம்பளியைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. விடிந்து வெளியே வந்து பார்த்தபோது, முளைக்கயிற்றுக்கு இரண்டு முழம் தள்ளி, சேற்றில் காட்டெருமையின் குளம்படி ஆழமாகப் பதிந்து, அதற்குள் தண்ணீர் ஊறி நின்றது. நீர் குடிக்க வந்த அது என் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஏரி இருப்பதோ அந்தப் பள்ளத்தில்தான். ஆகவே கரையில் படுப்பவர் அந்த மலையிலேயே குளிரும் ஈரமும் மிகுந்த இடத்தில், விலங்குகள் நீருக்கு வரும் தடத்தின் மேல் படுக்கிறார்.

எங்கே தங்குவது என்பதில் விளையாட்டு கூடாது. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் பிற காப்புக்காடுகளிலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. முதன்முறை செல்வோர் புலிகள் காப்பகங்களுக்கு வெளியே உள்ள கொல்லிமலை, ஏற்காடு போன்ற இடங்களில், உரிமையாளரின் ஒப்புதலோடு பட்டா நிலத்தில் நடத்தப்படும் முகாமைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. காட்டுக்குள் நீர்ப்பரப்பைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் காரமடையை அடுத்த பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணம் இருக்கிறது. அது பகலில் போய்ப் பகலில் திரும்புவது.

காலம் மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. மாசி பிறந்ததும் காடு காய்ந்து தீப்பிடிக்கும் பருவம் தொடங்கிவிடும். மாலை நான்கு மணிக்குள் இடம் சேர்ந்துவிட வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் இரண்டு இடத்திலாவது நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கிளம்புங்கள்.

இடத்தைப் பார்க்கும்போது முதலில் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பட்டுப்போன கிளை இருந்தால் அந்த மரத்தடி வேண்டாம். பிறகு தரையைப் பாருங்கள்: சற்றே மேடாக, மழை வந்தால் நீர் வடிந்துபோகும்படி இருக்க வேண்டும், சாணமோ குளம்படியோ தெரிந்தால் அது ஏதோவொன்றின் வழி. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அளவைவிடச் சிறியதாக இருக்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை அதுவே உள்ளே கொண்டுவரும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகம் ஏறும் என்பதால், போர்த்துவதற்கு ஒன்றென்றால் விரிப்பதற்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுப்போக்கிகளை அடைத்துவிட்டால் நம் மூச்சின் ஈரமே நம்மை நனைக்கும்.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கரி அடுப்பு, தணல் சட்டி, கேஸ் அடுப்பு எதையும், அணைந்துவிட்டதாகத் தோன்றினாலும், கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழாமலேயே போய்விடுவார். குளிர்ந்தால் இன்னொரு கம்பளி போர்த்துங்கள். அதுவும் போதாவிட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

சமையலுக்கு அரிசிம்பருப்பை மிஞ்சியது இல்லை. இரண்டு டம்ளர் அரிசியும் அரை டம்ளர் துவரம்பருப்பும் வீட்டிலேயே அளந்து ஒரே பையில் கட்டிக்கொண்டால், அங்கே சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து ஒரே குக்கரில் முடித்துவிடலாம். பாத்திரம் கழுவுவதும் ஒன்றுதான். விறகுக்காகக் காட்டில் கை வைக்காமல் சிறிய கேஸ் அடுப்பையே பயன்படுத்துங்கள். மீதமான சோறு, பழம், எண்ணெய், பற்பசை வரை எல்லாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். வாழைப்பழ வாசனைக்கு வரும் காட்டுப்பன்றியும் கரடியும் கூடாரத் துணியை ஒரு பொருட்டாகவே நினைக்காது.

ஏரி நீரைக் குடிப்பதானால், துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகு மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். பாத்திரத்தையும் சோப்புத் துணியையும் ஏரியில் அலசாதீர்கள். நீரை வாளியில் மொண்டு அந்த எண்பது காலடித் தூரத்துக்குக் கொண்டுவந்து கழுவி, கழுநீரை மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் அதே தூரத்துக்கு அப்பால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். இருட்டிய பின் யாரும் தனியாகக் கரைக்குப் போகக் கூடாது. எங்கே போனாலும் செருப்பல்ல, ஷூ, அதையும் உதறிவிட்டு மாட்ட வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கைப்பேசிக்கு எந்த வளைவு வரை சிக்னல் கிடைத்தது என்று ஏறும்போதே குறித்துவைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

காலையில் வெயில் ஏறும்வரை கூடாரத்தைக் கழற்ற வேண்டாம். முளைகளை எண்ணிப் பிடுங்கி, குப்பையை, மற்றவர் போட்டதையும் சேர்த்து, ஒரு சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். வீடு வந்த அன்றே கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்து ஒரு நாள் காயவிட்ட பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து, அடுத்த மார்கழிக்குள் தையலெல்லாம் விட்டுப்போகும்.