நிறுத்தக்குறிகளைத் தட்டச்சிடும்போது நேரும் பிழைகள்

விசைப்பலகையில் கோட்டுக்கென இருப்பது பெரும்பாலும் ஒரே சிறுகோட்டு விசைதான் என்பதால், கோடு தேவைப்படும் இடத்திலெல்லாம் அதையே அழுத்திவிடுகிறோம். கணினிக்கோ இவை வெவ்வேறு குறிகள்: சொற்களை இணைப்பது சிறுகோடு, 1995–2005 போன்ற கால வீச்சுக்கு உரியது அதைவிட நீண்ட கோடு, அதன் யூனிகோடு எண் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள பொதுக் குறியெண்) 2013, வாக்கியத்தின் நடுவே இடைச்செருகலைப் பிரித்துக் காட்டும் நெடுங்கோட்டின் எண் 2014, கழித்தல் குறியின் எண் 2212. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் தேடும்போது சொல் அகப்படாமல் போகலாம். விரிதாளில் கழித்தல் எண்ணாக வேண்டியது வெறும் எழுத்தாக நின்றுவிடலாம்.

விண்டோசில் ஆல்ட் விசையைப் பிடித்தபடி 0151 என அடித்தால் நெடுங்கோடு வரும். பலர் முன்னாலுள்ள சுழியத்தைத் தேவையற்றதென விட்டுவிடுகிறார்கள். சுழியமின்றி 151 அடித்தால் கணினி டாஸ் என்ற பழைய இயக்குதளக் காலத்து எழுத்து அட்டவணையைப் பார்ப்பதால், கோட்டுக்குப் பதில் தலையில் சாய்கோடு தாங்கிய ஓர் இலத்தீன் எழுத்து வந்து நிற்கும். எண்களை மேல்வரிசையில் அடிப்பதும் பயன் தராது. வலப்பக்க எண் பலகையில், நம்லாக்கை இயக்கிய பின்னரே அடிக்க வேண்டும். அந்தப் பலகை இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் திறக்கும் பலகத்தில் குறிகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. மேக்கில் வேலை எளிது: ஆப்ஷன், ஷிஃப்ட், சிறுகோடு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

கால வீச்சுக்கான கோட்டைப் பெற, வேர்டில் அதன் குறியெண்ணான 2013-ஐ எழுதி ஆல்ட்டுடன் எக்ஸை அழுத்தும் வழியும் உண்டு. ஆனால் 1995-ஐ ஒட்டியே அதைத் தட்டினால் முன்னிருக்கும் இலக்கங்களும் குறியெண்ணில் சேர்ந்துவிடக்கூடும் என்பதால், 2013-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அழுத்துவதே பாதுகாப்பு.

மேற்கோள்குறியில் நம்மை ஏமாற்றுவது மென்பொருளின் அதிகப்படியான அக்கறை. நேர்க்குறியை அது தானே வளைத்துவிடும். ’90களில் என்று தொடங்கும்போது, விடுபட்ட இலக்கங்களைக் குறிக்க வேண்டிய குறியை மேற்கோளின் தொடக்கம் எனக் கருதித் திருப்பிப் போட்டுவிடும். குறியை இருமுறை தட்டி முதலாவதை அழித்தால் சரியானது எஞ்சும். நிரல் எழுதுவோருக்கு இந்த வளைவே பகை: வேர்டிலிருந்து நகலெடுத்த வளைந்த குறிகளைப் பெரும்பாலான நிரல்மொழிகள் ஏற்பதில்லை, பிழை எங்கே என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். ஆகவே நிரல் வரிகளை எளிய உரைத்தொகுப்பியில் மட்டும் எழுதுங்கள், அல்லது வேர்டின் தானியங்கித் திருத்த அமைப்பில் அந்த மாற்றத்தை அணைத்துவிடுங்கள்.