பிள்ளைகள் பாட்டைக் கத்துகிறார்களா? சுருதியைப் பாருங்கள்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாட்டைக் கத்துகிறார்கள், இல்லாவிட்டால் முணுமுணுக்கிறார்கள் என்றால், முதலில் நீங்கள் எடுத்துக் கொடுத்த சுருதியைக் கவனியுங்கள். பெரியவர்கள் நமக்கு வசதியான இடத்தில் தொடங்கிவிடுகிறோம். அது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ரொம்பத் தாழ்வு. ஆறேழு வயதுக் குரல் சிரமமில்லாமல் ஓடுவது ஏறக்குறைய 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரைதான். அதாவது, கீபோர்டின் நடுவில் இருக்கும் 1 கட்டைக்கு (C) அடுத்த வெள்ளைக் கட்டையில் தொடங்கி, அதையும் சேர்த்து மேலே ஐந்து வெள்ளைக் கட்டைகள். பாட்டில் மிகவும் கீழே போகும் ஸ்வரம் எது என்று ஒருமுறை முனகிப் பார்த்து, அது அந்த 2 கட்டையில் விழும்படி தொடங்குங்கள். உங்களுக்குக் கொஞ்சம் உச்சமாகத் தெரியும், பரவாயில்லை.

ஆண் ஆசிரியர் பாடினால் ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள தூரம்) கீழே ஒலிக்கும். சில பிள்ளைகள் அதையே பிடிக்கப் பார்த்து உறுமுவார்கள். சுருதி நிற்கிற பிள்ளை ஒன்றை முதல் வரி பாடச் சொன்னால் தீர்ந்தது.

சரி, ஒரே ஸ்வரத்திலேயே நிற்கும் பிள்ளையை என்ன செய்வது? "உனக்குப் பாட்டு வராது" என்று ஓரங்கட்டவே கூடாது. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி 'ஊ' என்று கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். கையும் கூடவே ஏறி இறங்கட்டும். அப்புறம் பாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பலகையில் வளைகோடாக வரைந்து, விரலால் தொட்டுக்கொண்டே பாட வைக்கலாம். "இன்னும் சத்தமா" என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்தம் கூடும், சுருதி ஓடிவிடும்.