போலீஸ் சீரியல் எழுதப் போறீங்களா? ஒம்பதாவது எபிசோடுல மாட்டாம இருக்க என்ன பண்ணோணும்

மொதல்லயே சொல்லிப்போடறேன், நான் சினிமாக்காரன் இல்லைங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன் பாத்துக்கறவன். ரெண்டு வருசத்துக்கு முன்னால நாங்க நாலு பேரு சேந்து யூடியூப்புக்குன்னு ஒரு போலீஸ் ஸ்டேஷன் கதை எழுத ஆரம்பிச்சோம், மொத மூணு எபிசோடு ஜம்முனு போச்சு, ஏழாவதுல இன்ஸ்பெக்டரோட தங்கச்சிய கடத்துனோம், எட்டாவதுல அவரு மேலயே கொலைக் கேஸ் போட்டோம், ஒம்பதாவதுக்கு உக்காந்தா ஒரு வரி ஓடல. அப்பறம்தான் வருசக்கணக்கா ஓடுன போலீஸ் சீரியலுங்களத் தேடித்தேடிப் பாத்து, எது எங்க நிக்குது எங்க சரியுதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சேன். எழுதற ஆசை இருக்கறவங்களுக்கு ஆகும்னு அதைத்தான் இங்க கொட்டறேன்.

மொத பாடம் எனக்கு கம்பெனி ஹாஸ்டல்லயே கெடச்சுது, அப்ப தெரியல. பீகார் பசங்களும் ஒடிசா பசங்களும் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து செல்போன்ல சி.ஐ.டி. போட்டுப் பாப்பாங்க. சோனி டிவில 1998ல இருந்து 2018 வரைக்கும் ஆயிரத்து ஐநூறு எபிசோடுக்கு மேல ஓடுன அதே இந்தி சீரியல், 2024 கடைசில மறுபடியும் ஆரம்பிச்சாங்களே அதுதான். எனக்கு இந்தி சுத்தமா வராது. ஆனாலும் கால்மணி நேரத்துல கொலகாரன் இவந்தான்னு கை காட்டிருவேன், பசங்க ஆச்சரியமாப் பாப்பாங்க. ஒரு மந்திரமும் இல்லைங்க, ஒரு சோலியும் இல்லாதவன் மூஞ்சில கேமரா ரெண்டு தடவ நின்னா அவந்தான் ஆளு. பாஷையே தெரியாதவன் கண்டுபுடிக்கிறான்னா அங்க எழுத்து தூங்கிப்போச்சுன்னு அர்த்தம்.

ஆனா எந்திரிச்சுப் போகாம முழுசா பாத்தேனே, அது ஏன்? அதுல வர்ற போலீஸ்காரர் தயா கதவ ஒடைப்பாருன்னு தெரியும், லேப்ல டாக்டர் சாலுங்கேயும் ஏ.சி.பி.யும் முட்டிக்குவாங்கன்னு தெரியும், தெரிஞ்சுதான் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கொலகாரன் முன்னாடியே தெரிஞ்சா சலிப்பா இருக்குது, கதவு ஒடையப் போறது தெரிஞ்சா குஷியா இருக்குது. அதனால எழுத உக்காந்தா மொதல்ல கேஸ யோசிக்காதீங்க. ஸ்டேஷனயும் அதுல இருக்கற ஆளுங்களயும் யோசிங்க, கேஸு வாரம் ஒண்ணு வரும் போகும், ஆளுங்கதான் தெனமும் வீட்டுக்குள்ள வரப்போறவங்க.

இத எப்படிப் பண்றதுன்னா, காலைல எல்லாரையும் நிறுத்தி அன்னிக்கு வேலைய பிரிச்சுக் குடுக்கற ரோல்கால் இருக்குதில்லைங்களா, அத எழுதுங்க. அமெரிக்காவுல 1981ல வந்த ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்னு ஒரு சீரியல், பெரும்பாலும் ரோல்கால்லதான் ஆரம்பிக்கும், சார்ஜென்ட் அன்னிக்கு வேலையெல்லாம் படிச்சுட்டு கடைசில வெளிய பாத்துப் பத்திரமா இருந்துக்கங்கன்னு சொல்லி அனுப்புவாரு. அந்த அஞ்சு நிமிசத்துலயே நாலஞ்சு கதைக்கு நூல் எடுத்துருவாங்க, அதுக்கு முன்னால வந்ததுல பாதி ஒரு ஹீரோ ஒரு கேஸுன்னே ஓடிட்டு இருந்துச்சு. நம்மூர் ரோல்கால நெனச்சுப் பாருங்க, ஒருத்தருக்கு மாரியம்மன் நோம்பி பந்தோபஸ்து, ஒருத்தருக்கு கோர்ட் டூட்டி, ஒருத்தரு சம்மன் குடுக்க காங்கயம் போகோணும், பெண் போலீஸ் ஒருத்தங்க புள்ளைக்கு காய்ச்சல்னு லீவு கேட்டு கெடைக்கல. கொலையே இல்லாம மூணு எபிசோடு வந்துருச்சு பாருங்க.

அப்பறம் ரைட்டர். கதை எழுதற ரைட்டரச் சொல்லலைங்க, ஸ்டேஷன் ரைட்டர், எல்லா காகிதமும் அவரு கைவழியாத்தான் போகோணும். நம்மூர் போலீஸ் கதைங்கள்ல இவர டீ குடிக்கிற காமெடிக்குத்தான் வெச்சிருப்பாங்க, எனக்கு அது மனசு ஆறாது. ஒருத்தர் புகார் கொண்டுவந்தா, வாங்கிக்கிட்டோம்னு குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீதோட அனுப்பறதா, கேஸாவே பதிவு பண்ணி எஃப்.ஐ.ஆர். போடறதான்னு முடிவாகற எடம் அந்த டேபிளுதான். எங்க அம்மாயி ஒருக்கா ஆடு காணோம்னு ஒரு ஸ்டேஷனுக்குப் போயி நாலு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்துச்சு, ஆடு என்ன நெறம்னு மூணு பேரு மூணு தடவ கேட்டாங்களாம், மூணாவது தடவ அம்மாயிக்கே சந்தேகம் வந்துருச்சாம். அத அது சொல்லிக் கேக்கோணும், எந்தக் கொலைக் கேஸும் பக்கத்துல நிக்காது. வருசக்கணக்கா ஓடறதுக்கான சரக்கு அந்த மாதிரி பெஞ்சுலதான் உக்காந்திருக்குது.

சரி கேஸுக்கு வருவோம். நெறைய சீரியல் வழுக்கி விழுற எடம் கடைசி அஞ்சு நிமிசம். குற்றவாளி ஆமா நாந்தான் பண்ணேன்னு அழுதுகிட்டே எல்லாத்தயும் சொல்லுவான், போலீஸ் விலங்கு மாட்டும், முடிஞ்சுது. நம்ம சட்டத்துல போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்த வெச்சு அவன்தான் பண்ணான்னு நிரூபிக்க முடியாது, பழைய சாட்சியச் சட்டத்துல 25ஆவது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியம்ல 23. ஆனா கத்திய இன்ன எடத்துல போட்டேன்னு அவன் சொல்லி அது அங்க கெடச்சுதுன்னா, அந்த மட்டுக்கும் செல்லும். இத ஒரு தொந்தரவா நெனைக்காதீங்க, கதைக்கு இதவிட நல்ல வண்டி கெடைக்காது.

நான் போட்டுவெச்ச ஒண்ணு சொல்றேன். ஆகஸ்ட் மாசம், தோட்டத்துச் சாளைல ஒரு கொலை, புடிச்ச ஆளு கத்திய கீழ்பவானி வாய்க்கால்ல வீசிட்டேன்னு சொல்றான். அப்பத்தான் தண்ணி தொறந்திருக்காங்க, நன்செய்ப் பாசனத்துக்கு வழக்கமா 120 நாள் ஓடும். கைது பண்ணா 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தோணும், கொலைக் கேஸுக்கு 90 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை போகலன்னா அவனுக்கு ஜாமீன் கேக்கற உரிமை வந்துரும். தண்ணிக்கு 120, கேஸுக்கு 90. முக்குளிக்க ஆள் எறக்கலாம், கெடைக்கோணுமே. கெடச்சாலும் கைப்பத்துனதுக்கு எழுதற மகஜர்ல சாட்சிக் கையெழுத்து போட வி.ஏ.ஓ. வரோணும், அவரு ரெண்டு வருசம் கழிச்சு கோர்ட்டுல நின்னு சொல்லோணும். தண்ணிய நிறுத்தச் சொல்லிக் கேட்டா ஆயக்கட்டு விவசாயிங்க சும்மா விடுவாங்களா? ஒரு குத்து வெட்டு சேஸிங் இல்லாம மூணு எபிசோடுக்கு நகம் கடிக்கலாம். லேப் ரிப்போர்ட்டும் அப்படித்தான், சி.எஸ்.ஐ.ங்கற அமெரிக்க சீரியல் 2000த்துல இருந்து 15 சீசன் ஓடி, மெஷின்ல போட்டா உடனே பேர் வந்துரும்னு ஒலகத்துக்கே ஒரு நெனப்ப ஏத்தி விட்டுருச்சு. ரிப்போர்ட்டுக்காக வாரக்கணக்கா காத்திருக்கற எரிச்சல எழுதுனீங்கன்னா ஸ்டேஷன்ல இருக்கறவங்களே பாத்துட்டு ஆமாம்பாங்க.

கொலகாரன கால்மணி நேரத்துல கண்டுபுடிக்கிற பிரச்சினைக்கு இன்னொரு வழியும் இருக்குது, கொலம்போங்கற அமெரிக்க டிடெக்டிவ் சீரியல்ல பண்ண மாதிரி கொலய மொதல்லயே காட்டிட்டு எப்படி மாட்டுவான்னு பாக்க வெக்கறது. ஆனா அதுக்கு அந்த டிடெக்டிவ் மாதிரி ஒரு ஆளு வேணும், சும்மா யாரும் தாங்க மாட்டாங்க.

இப்ப முக்கியமான சமாச்சாரம். நெடுநாள் ஓடற சீரியலோட பெரிய வியாதி மறதி. இந்த வாரம் சின்னப் புள்ளயோட சடலத்தத் தூக்குன எஸ்.ஐ., அடுத்த வாரம் அதே சிரிப்போட அதே டீக்கடைல நிப்பாரு. பயந்துக்கிட்டு சில பேரு அப்படியே எதிர்ப்பக்கம் ஓடிருவாங்க, எல்லா கேடும் ஹீரோ வீட்டுக்கே வரும், நாங்க தங்கச்சிய கடத்துனது இந்த வகைதான். பெரிய ஆளுங்களும் தப்பல, லா அண்ட் ஆர்டர் எஸ்.வி.யு.ங்கற அமெரிக்க சீரியல்ல ஒலிவியா பென்சன்னு ஒரு கேரக்டர் 1999ல சாதா டிடெக்டிவா வந்து கேப்டன் வரைக்கும் போயிருக்குது, ஒரே நடிகை அத்தன வருசம் அந்த ஆள நம்ம கண்ணு முன்னால வளத்துனது டிவியால மட்டும் முடியற காரியம், அதே கேரக்டர கடத்தி வெச்சு வதைக்கற கதைய 2013ல பண்ணாங்க, அந்த நடிப்புக்குக் கும்பிடு போடலாம், ஆனா இதெல்லாம் ஒரே ஆளுக்கா நடக்கும்னு ஒரு கட்டத்துல தோணிப்போகுது.

இதுக்கு நான் கண்ட வழி பற்று வரவு நோட்டு, மளிகைக்கடை அண்ணாச்சி கடன் எழுதி வெச்சிருக்கற மாதிரியே. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு எபிசோடு முடிஞ்சதும் இந்தக் கேஸு இவங்ககிட்ட இருந்து என்ன எடுத்துச்சு, என்ன குடுத்துச்சுன்னு ஒரு வரி. பெருசா வேண்டாம், எஸ்.ஐ. இனி அந்த வாய்க்கால் தடத்துல வண்டி ஓட்ட மாட்டாரு, சுத்திட்டுத்தான் போவாரு, அவ்வளவுதான். ஏன்னு எட்டு எபிசோடு கழிச்சுகூட யாரும் கேக்க வேண்டாம். ஹோமிசைட்னு அமெரிக்காவுல பால்டிமோர் ஊரு சீரியல் ஒண்ணு, 1993ல வந்துச்சு, ஆபீசுல ஒரு வெள்ளை போர்டு, முடியாத கேஸ் செவப்புல, முடிஞ்சது கறுப்புல, ஒவ்வொரு டிடெக்டிவ் பேருக்குக் கீழயும். மொத சீசன்ல ஒரு சின்னப் பொண்ணு கொலை, ஒரு எபிசோடு பூராவுமே கிட்டத்தட்ட ஒரே ரூம்ல மூணு பேரு, ரெண்டு டிடெக்டிவ் ஒரு சந்தேக ஆளு, பேசிப்பேசியே போகுது, கடைசில அவன் கொலய ஒத்துக்கவே இல்ல. கேஸு முடியவே இல்ல. பேலிஸ்ங்கற அந்தப் புது டிடெக்டிவ் அத கடைசி வரைக்கும் சொமந்துக்கிட்டே போனாரு. பற்று வரவு நோட்டுல அடைக்காத கடன் மாதிரி. இத மொதத் தடவ பாத்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் புடிக்கல.

ஆளு மாறறதும் அப்படித்தான், நடிகர் போயிட்டா ஒடனே கேரக்டர சுட்டுக் கொன்னுருவாங்க. எஸ்.வி.யு.க்கு முன்னால வந்த மொத லா அண்ட் ஆர்டர் 1990ல இருந்து 2010 வரைக்கும் 20 சீசன் ஓடுச்சு, கடைசில பாத்தா மொத வருசத்து முக்கிய ஆளு ஒருத்தரும் இல்ல, ஆனாலும் நிக்குது, ஏன்னா பாதி போலீஸ் பாதி கோர்ட்டுங்கற அமைப்புதான் அங்க ஹீரோ. நமக்கு இன்னும் சுலபம்ங்க, டிரான்ஸ்பர்னு ஒண்ணு இருக்குதே! எலக்‌ஷன் வந்தா மூணு வருசம் ஒரே எடத்துல இருந்த ஆபீசருங்கள மாத்தித்தான் ஆகோணும். இன்ஸ்பெக்டர் பெட்டி கட்டறாரு, புதுசா வர்றவருக்கு இந்த ஊரு பேச்சே புரியல, ஒரு சீசன் ரெடி.

பேச்சுன்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கம் கதை வெச்சுட்டு ஏட்டய்யா மெட்ராஸ் பாஷை பேசறது கேட்டா காது வலிக்குது. இங்க கோவத்துலயும் ங்க போடுவாங்க. "ஏனுங்க, அருவாள எங்கீங்க வெச்சீங்க, சொல்லிப்போடுங்க"ன்னு மரியாதையா மெதுவா கேக்கற இன்ஸ்பெக்டர எழுதிப் பாருங்க, கத்தறவர விட பத்து மடங்கு பயமா இருக்கும்.

இன்னொண்ணு கசப்பானது. இந்த மாதிரி சீரியல்ல நாம எப்பவும் போலீஸ் தோளுக்குப் பின்னால நின்னுதான் பாக்கறோம், அவங்க அடிச்சா அதுக்கு நாயம் இருக்கும்னு எழுத்தே நம்ப வெச்சுருது. 2020ல சாத்தான்குளத்துல அப்பா மகன் ரெண்டு பேரும் காவல்ல அடிபட்டு செத்ததுக்கப்பறம் லாக்கப் அடி சீனுக்குக் கைதட்ட எனக்கு மனசு வரலைங்க. அடி இருந்தா அதோட வெலையும் நோட்டுல ஏறோணும், யாரு பாத்தா, யாரு வாய மூடிட்டு இருந்தா, ரைட்டர் ரிஜிஸ்டர்ல என்ன எழுதுனாரு. தி வயர்னு ஒரு அமெரிக்க சீரியல், மொத்தமே 60 எபிசோடுதான், அதுல போதை விக்கிற பையனுக்கும் போலீசுக்கும் ஒரே அளவு எடம், ஒவ்வொரு சீசனும் ஊர்ல ஒரு புது எடத்துக்குள்ள போகும், துறைமுகம், பள்ளிக்கூடம், பத்திரிகை ஆபீசுன்னு. நம்மகிட்ட இல்லாததா? 2011 ஜனவரில ஹைகோர்ட் சொல்லி திருப்பூர் சாயப்பட்டறையெல்லாம் மூடுனாங்களே, அந்த வருசத்த ஒரு சீசனா வெச்சுப் பாருங்க, வேலை போனவன், நொய்யல் கரைல காடு கெட்டுப்போனவன், முதலாளி, ராத்திரில திருட்டுத்தனமா சாயத்தண்ணி தொறந்து விடறவன், எல்லாரும் ஒரே ஸ்டேஷன் பெஞ்சுல வந்து உக்காரோணும். அடுத்த சீசன் ஈரோடு மஞ்சள் மார்க்கெட். சொல்லிக்கிட்டே போகலாம், வீட்ல சாப்பிடக் கூப்புடறாங்க.

எங்க ஒம்பதாவது எபிசோடு இப்பத்தான் ஓடுது. இன்ஸ்பெக்டர் தங்கச்சிய பொழுதோட வீட்ல கொண்டாந்து விட்டுட்டோம், அவரு மேல போட்ட கொலைக் கேஸயும் சத்தமில்லாம எடுத்துட்டோம், பாத்தவங்க யாரும் கேக்கல. அம்மாயி ஆடுதான் இப்ப கதை. ஆடு கறுப்பா செம்பூத்தான்னு எங்க நாலு பேத்துக்குள்ள இன்னும் சண்டை ஓடிக்கிட்டிருக்குது.