ஐரோப்பியக் காப்புரிமை வழக்கு: வாய்தா கிடைக்காத இடத்தில் நடக்கும் தவறுகள்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம், சுருக்கமாக யு.பி.சி., 2023 ஜூன் 1 அன்று வேலையைத் தொடங்கியது. வழக்கு தாக்கலானதிலிருந்து ஏறக்குறைய ஓராண்டுக்குள் வாய்மொழி விசாரணையை முடித்துவிட வேண்டும் என்பதே அதன் இலக்கு. அந்த விசாரணையும் பெரும்பாலும் ஒரே நாள்தான். வாய்தா வாங்கி வாங்கிச் சாட்சியம் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அடிபடுவது இங்கேதான். விசாரணை நாளில் வாதத் திறமை காட்டலாம் என்று காத்திருப்பவரின் வழக்கு, பல நேரங்களில், அதற்கு ஆறு மாதம் முன்பே தோற்றுப்போயிருக்கும்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். மார்ச் 10 அன்று உங்கள் மீதான வழக்குரை சார்வு செய்யப்பட்டதாக, அதாவது முறைப்படி உங்கள் கைக்கு வந்ததாக, வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை, தவறான பிரிவில் தாக்கல் செய்திருக்கிறார்கள், வழக்கின் மொழி சரியில்லை போன்ற முதற்கட்ட ஆட்சேபணைகளுக்கு ஏப்ரல் 10 கடைசி நாள். அதைத் தவறவிட்டால், அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள். வழக்குக்கு நீங்கள் தரும் எழுத்துப் பதிலான எதிர்வழக்குரைக்கு ஜூன் 10. காப்புரிமையே செல்லாது என்று சொல்வதானால், அதை ரத்து செய்யக் கோரும் எதிர்க்கோரிக்கையும் அதே எதிர்வழக்குரைக்குள் இருக்க வேண்டும். 'செல்லாது' என்று போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதினால் போதாது.

மூன்று மாதம் என்பது கேட்க நீளமாகத்தான் இருக்கிறது. எந்தச் சட்ட நிறுவனத்தை அமர்த்துவது என்று முடிவெடுக்கவே நாலைந்து வாரம் போய்விடும். மிச்சமுள்ள நாட்களில், கண்டுபிடிப்பு புதிதல்ல என்று காட்டக்கூடிய முந்தைய தொழில்நுட்ப ஆவணங்களைத் தேடி, பொருளை ஆய்வகத்தில் சோதித்து, நிபுணர் அறிக்கை வாங்கி, எல்லாவற்றையும் இணைப்புகளோடு தாக்கல் செய்ய வேண்டும். பின்னால் சேர்க்க நினைத்தால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 'ஏன் முன்பே சொல்லவில்லை' என்ற கேள்விக்கு நல்ல பதிலும் வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நீதிமன்ற விடுமுறையிலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வாதிக்கும் இதே நெருக்கடி உண்டு. ரத்துக் கோரிக்கை வந்தால் பதில் சொல்ல இரண்டே மாதம். காப்புரிமையின் கோரல்களை, அதாவது எதற்கெல்லாம் பாதுகாப்பு என்று வரையறுக்கும் வாசகங்களை, திருத்திக் காப்பாற்றும் விண்ணப்பமும் அந்த இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பயந்துபோய் எண்பது மாற்றுத் திருத்தங்களைக் கொட்டுவதும் ஒரு தவறுதான். எண்ணிக்கை நியாயமாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. தவிர, எதை நம்பி வழக்குப் போட்டோம் என்பது வாதிக்கே தெரியவில்லையோ என்ற எண்ணத்தையும் அது உண்டாக்கும்.

அடுத்தது விலகல். நாட்டுக்கு நாடு தனித்தனிப் பகுதியாகச் செல்லும் பழைய வகை ஐரோப்பியக் காப்புரிமைகளை யு.பி.சி.யின் வரம்பிலிருந்து விலக்கிவைக்கும் வசதி, அந்த நீதிமன்றத்தின் தொடக்க ஆண்டுகளான இடைக்காலம் முடியும்வரை உண்டு. விண்ணப்பம் எளிது, அதில் விழும் ஓட்டைதான் பெரிது. ஒரு காப்புரிமையின் ஜெர்மன் பகுதி தாய் நிறுவனத்திடமும், பிரெஞ்சுப் பகுதி துணை நிறுவனத்திடமும் இருக்கிறது என்று கொள்வோம். தாய் நிறுவனம் மட்டும் கையெழுத்திட்டு விலகினால் அந்த விலகல் செல்லாது. எல்லா நாட்டுப் பகுதிகளின் உரிமையாளர்களும் சேர்ந்தே விலக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் நியோ வயர்லெஸ் - டொயோட்டா வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே உரிமையாளர் என்றால் பதிவேட்டில் பெயர் உள்ளவர் அல்ல, உண்மையில் உரிமை உள்ளவர். கைமாறிய பத்திரங்களைப் பதிவு செய்யாமல் அலமாரியில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டியாளர் முந்திக்கொண்டு யு.பி.சி.யில் ரத்து வழக்குப் போட்டுவிட்டால், அதன்பின் விலக வழியில்லை. விலகலைத் திரும்பப் பெற்றவர் மறுபடி விலகவும் முடியாது. ஒற்றை விளைவு பெற்ற, அதாவது பல நாடுகளில் ஒரே உரிமையாகச் செல்லும், புதிய காப்புரிமைகளுக்கு இந்த விலகலே கிடையாது.

ஜெர்மனியின் தேசிய நீதிமன்றங்களில் கணக்கு வேறு. காப்புரிமை மீறப்பட்டதா என்பதை டூஸல்டோர்ஃப், மன்ஹைம், மியூனிக் போன்ற மாநில நீதிமன்றங்கள் விசாரிக்கும். செல்லுமா செல்லாதா என்பதை மியூனிக்கில் உள்ள கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம் தனியாகப் பார்க்கும். மீறல் வழக்கின் தீர்ப்பு பெரும்பாலும் முந்திக்கொள்ளும். அதனால், பின்னால் ரத்தாகப் போகிற காப்புரிமையை வைத்தே இடையில் தடையாணை விழலாம். மீறல் வழக்கு வந்தபின் ஆற அமர ரத்து மனு தயாரிப்பது இங்கே செய்யக்கூடாத தவறு. ரத்தாக நல்ல வாய்ப்பு இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் மீறல் வழக்கை நிறுத்திவைப்பார். அதற்கு வலுவான மனு முன்கூட்டியே தாக்கலாகியிருக்க வேண்டும். இன்னொரு கண்ணி: காப்புரிமை வழங்கப்பட்டதாக அறிவிப்பு வெளியான பின் ஒன்பது மாதம் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு தெரிவிக்கலாம். அந்தக் காலம் முடியும்வரையும், எதிர்ப்பு நிலுவையில் இருக்கும்வரையும், ஜெர்மனியில் ரத்து வழக்கே போட முடியாது. யு.பி.சி.யில் அந்தத் தடை இல்லை.

இடைக்காலத் தடையாணை கேட்பவர்களின் எதிரி சோம்பல். நியாயமற்ற தாமதம் செய்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். யு.பி.சி.யின் மியூனிக் பிரிவு இரண்டு மாதம் என்றும், டூஸல்டோர்ஃப் பிரிவு ஒரு மாதம் என்றும் அளவு வைத்த தீர்ப்புகள் உண்டு. போட்டியாளரின் பொருளைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு, மூன்று மாதம் சமரச மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்துவிட்டு அவசரம் என்று ஓடினால் எடுபடாது. மறுபக்கம், தன் மீது தடை வரும் என்று அஞ்சுபவர், தன் வாதங்களை முன்கூட்டியே சொல்லும் பாதுகாப்பு மடலைத் தாக்கல் செய்து வைக்கலாம். தன் தரப்பைக் கேட்காமல் ஆணை போடும் ஆபத்தை அது வெகுவாகக் குறைக்கும். ஆனால் அதன் ஆயுள் ஆறே மாதம். புதுப்பிக்க மறந்த மடல் வெறும் காகிதம்.

பிரான்ஸில் பொருளையும் ஆவணங்களையும் திடீரெனக் கைப்பற்றும் முறை பழையது. அதன் சாயலில் யு.பி.சி.யிலும் சாட்சியப் பாதுகாப்பு ஆணை உண்டு. கைப்பற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. 31 நாட்காட்டி நாள் அல்லது 20 வேலை நாள், எது நீளமோ அதற்குள் மீறல் குறித்த மூல வழக்கைத் தொடங்காவிட்டால், பிடித்த பிடி நழுவிவிடும்.

ஒரு தீர்ப்பு ஐரோப்பா முழுவதையும் அடக்கிவிடும் என்பதும் தவறான கணக்கு. யு.பி.சி.யில் 18 நாடுகள் இருக்கின்றன. ஸ்பெயினும் போலந்தும் பிரிட்டனும் இல்லை. அதற்காக அந்த நாட்டுப் பகுதிகளை மறந்துவிடவும் கூடாது. 2025 பிப்ரவரியில் பி.எஸ்.ஹெச். - எலக்ட்ரோலக்ஸ் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: பிரதிவாதி குடியிருக்கும் நாட்டின் நீதிமன்றமே, வேறு நாட்டுக் காப்புரிமையின் மீறலையும் விசாரிக்கலாம். 'செல்லாது' என்ற எதிர்வாதம் வந்தாலும் மீறல் வழக்கு அதன் கையைவிட்டுப் போகாது.

கடைசியாகப் பணம். தோற்றவர் வென்றவரின் நியாயமான வழக்குச் செலவைத் தர வேண்டும். அதற்கு உச்சவரம்பு உண்டு: வழக்கு மதிப்பு 250,000 யூரோ வரை என்றால் 38,000 யூரோ, 5 கோடி யூரோவைத் தாண்டினால் 20 லட்சம் யூரோ. நீதிமன்றக் கட்டணத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்துக் காட்டுபவர், வென்றபின் தன் வழக்கறிஞர் பில்லில் பெரும்பகுதியைத் தானே சுமப்பார். அந்தச் செலவைக் கேட்கவும் ஒரு கெடு இருக்கிறது: தீர்ப்பு சார்வான ஒரு மாதத்துக்குள் தனி விண்ணப்பம். வெற்றி விருந்துக்குப் பிறகு நேரப் பட்டியல்களையும் ரசீதுகளையும் தேட ஆரம்பிக்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதம் போதுவதில்லை. அவற்றை வழக்குரை எழுதிய நாளிலிருந்தே தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.