புதுக் கேமரா எந்த வரிசையில் உட்கார்கிறது? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

ஒரு புதுக் கேமரா அறிவிக்கப்பட்டதும் இரண்டு நாளைக்கு ஒரே மேளதாளம்தான். நொடிக்கு 40 படம், 4கே வீடியோ, பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதே கம்பெனியின் மற்ற கேமராக்களுக்கு நடுவே இதன் இடம் எது என்பதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு தாள், ஒரு பேனா, கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் தொழில்நுட்ப விவரப் பட்டியல், அரை மணி நேரம். இவ்வளவு போதும்.

பழகிப் பார்க்க 2023 பிப்ரவரியில் வந்த கேனான் ஆர்8 கேமராவை எடுத்துக்கொள்வோம். இப்போது அது புதுசு இல்லைதான். ஆனால் பெயரை மட்டும் பார்த்தால் குழம்பிப்போகிற கேமரா, அதனால் பாடத்துக்கு நல்லது.

படி 1: பெயரைப் படியுங்கள், முழுசாக நம்பாதீர்கள்

கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கேமராக்களில் எத்தனை இலக்கம் என்று எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஓர் இலக்கம் என்றால் மேல்தட்டு (5டி, 6டி, 7டி). இரண்டு என்றால் நடுத்தரம் (80டி, 90டி). மூன்றும் நான்கும் புதியவர்களுக்கு (200டி, 1500டி). எண் சிறுத்தால் மதிப்பு பெருக்கும். நிக்கானின் இசட் வரிசையில் ஓர் இலக்கக் கேமராக்களுக்கு இதற்கு நேர்மாறு: இசட்5-ஐ விட இசட்8 பெரியது, அதற்கும் மேலே இசட்9. ஒரு கம்பெனியின் கணக்கை இன்னொன்றில் போட்டுப் பார்க்காதீர்கள்.

இன்னொரு தொல்லை, ஒரே கேமராவுக்கு ஊருக்கு ஒரு பெயர். இந்தியாவில் 1500டி என்று விற்றதுதான் ஐரோப்பாவில் 2000டி, அமெரிக்காவில் ரெபல் டி7. வெளிநாட்டு விமர்சனம் பார்க்கிறவர்கள் இதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆர்8-க்கு வருவோம். கண்ணாடியில்லா ஆர் வரிசையில் ஆர்5, ஆர்6 எல்லாம் ஃபுல் ஃபிரேம், அதாவது படம் பதியும் சென்சார் பெரியது. ஆர்7 கிராப் சென்சார், அதாவது சிறியது. ஆர்10, ஆர்50 இரண்டும் கிராப்தான். அப்படியானால் ஆர்8-ம் கிராப், ஆர்7-க்கு ஒரு படி கீழே என்றுதானே தோன்றும்? இல்லை. அது ஃபுல் ஃபிரேம்.

படி 2: ஏணிகளைப் பிரியுங்கள்

தாளில் இரண்டு ஏணி வரையுங்கள். ஒன்று 36×24 மி.மீ. சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராக்களுக்கு. மற்றது சுமார் 22×15 மி.மீ. சென்சார் கொண்ட கிராப் கேமராக்களுக்கு. ஆர்7-ம் ஆர்8-ம் அமெரிக்காவில் அறிமுகமானபோது, லென்ஸ் இல்லாமல் இரண்டுக்கும் ஒரே விலை, 1,499 டாலர். ஆனால் ஆர்7 தன் ஏணியின் உச்சியில் நிற்கிறது. ஆர்8 தன் ஏணியின் கீழ்ப்படிகளில் நிற்கிறது. விலையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

படி 3: மூளை யாருடையது, உடம்பு யாருடையது?

பெரும்பாலான புதுக் கேமராக்கள் முழுக்கப் புதியவை அல்ல. சென்சாரையும் ஃபோகஸ் திறமையையும் ஒரு அண்ணனிடமிருந்து வாங்கி, உடம்பை வேறொருவரிடமிருந்து வாங்கியிருக்கும். விவரப் பட்டியலில் மெகாபிக்சல், பிராசசர், அதிகபட்ச வேகம் மூன்றையும் ஒப்பிட்டால் மூளை பிடிபடும். எடை, பேட்டரியின் பெயர், வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் திரை) புள்ளிகள் மூன்றையும் ஒப்பிட்டால் உடம்பு பிடிபடும்.

ஆர்8-ன் 24.2 மெகாபிக்சல் சென்சார் ஆர்6 மார்க் 2-வில் இருப்பதுதான். எலெக்ட்ரானிக் ஷட்டரில் (எந்தப் பாகமும் அசையாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறையில்) நொடிக்கு 40 படம் என்பதும் அதிலிருந்தே வந்தது. உடம்போ 2019-ல் வந்த ஆர்பி கேமராவின் சாயல். அதே எல்பி-இ17 பேட்டரி; பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை ஆர்பி 485 கிராம், ஆர்8 461 கிராம். ஆர்6 மார்க் 2 இதே கணக்கில் 670 கிராம்.

படி 4: எதைக் கொடுக்கவில்லை?

இதுதான் முக்கியமான படி. இங்கே அவசரப்படாதீர்கள்.

ஆர்6 மார்க் 2 வந்தது 2022 நவம்பரில், 2,499 டாலருக்கு. மூன்றே மாதத்தில் அதே சென்சாருடன் ஆயிரம் டாலர் குறைவாக ஆர்8 வருகிறது. எல்லாவற்றையும் இதிலேயே கொடுத்துவிட்டால் ஆர்6 மார்க் 2-வை யார் வாங்குவார்கள்? ஆகவே கம்பெனி சிலவற்றைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு விவரப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒன்றாக இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றில் முக்கியமானவை இவை:

- பாடிக்குள் நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு ஆர்8-ல் இல்லை.
- கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்று. ஆர்6 மார்க் 2-வில் இரண்டு.
- பேட்டரி 1040 மில்லியாம்பியர்-மணி, அதில் 2130.
- ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் கிடையாது, திரையைத் தொட்டுத்தான் நகர்த்த வேண்டும்.
- முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு வெளியே வந்தால் நொடிக்கு 6 படம்தான், அதில் 12.
- வியூஃபைண்டர் 23.6 லட்சம் புள்ளி, அதில் 36.9 லட்சம்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். படத்தின் தரத்தைக் குறைக்கவென்று எதையும் எடுக்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்கிறவருக்குத் தேவையானதைத்தான் எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது ஸ்லாட்டின் அருமை எனக்குச் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் தெரிந்தது. ஒரே ஸ்லாட் கேமரா, தாலி கட்டி முடிந்து பத்து நிமிடத்தில் கார்டு படிக்க மறுத்துவிட்டது. படங்களைப் பிறகு மென்பொருள் வைத்து மீட்டேன், ஆனால் அந்த ஒரு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறவர் என்றால் மேலே உள்ள இரண்டாம் வரியோடு முடிவெடுத்துவிடலாம். ஊர் சுற்றும்போது எடுக்கிறவருக்கு அந்த வரி பெரிதாகப் படாது. 200 கிராம் எடை குறைந்ததே லாபம்.

படி 5: கூட வரும் லென்ஸைப் பாருங்கள்

கிட் லென்ஸ் ஒரு வாக்குமூலம் மாதிரி. இந்தக் கேமராவை யார் வாங்குவார்கள் என்று கம்பெனி நினைக்கிறது என்பதை அது சொல்லிவிடும். ஆர்6 மார்க் 2-வுடன் எல் வகை (கேனானின் உயர்தர வரிசை) 24-105 எஃப்4 லென்ஸையும் சேர்த்து விற்றார்கள். ஆர்8-உடன் வந்தது மடங்கிச் சுருங்கும் 24-50 எஃப்4.5-6.3, எடை 210 கிராம். எஃப் எண் பெரிதானால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்; அதனால் வெளிச்சம் குறைந்த மண்டபத்துக்கு அது உதவாது, ஜோல்னாப் பைக்குள் போகும்.

ஃபுல் ஃபிரேம் வாங்கி, கிராப் லென்ஸ் மாட்டிக் காசு சேமிக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். கிராப் கேமராவுக்கான ஆர்எஃப்-எஸ் லென்ஸ் ஆர்8-ல் மாட்டும். ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்யும். 24 மெகாபிக்சல் சுமார் 9 ஆகிவிடும்.

படி 6: இடத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

எழுத வரவில்லை என்றால் முந்தைய படிகளில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. என் தாளில் இருந்தது: "ஆர்8 – ஆர்பி கேமராவின் வாரிசு, ஆர்6 மார்க் 2-வின் மூளை, இரண்டாவது பாடியாகவோ பயணத்துக்கோ." இதன் பக்கத்தில் இன்றைய கடை விலையையும் குறித்து வையுங்கள். மேல்படி மாடல் பழசாகி விலை இறங்கும்போது கீழ்ப்படிக்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கும், அப்போது கணக்கே மாறிவிடும்.

அப்புறம், கைப்பயிற்சிக்கு ஒன்று. 2023-லேயே வந்த ஆர்50, ஆர்100 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிராப், இரண்டும் 24 மெகாபிக்சல், பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நான்காம் படியை மட்டும் செய்யுங்கள். ஆர்100-ன் திரை அசையாது, தொட்டாலும் பேசாது. பிராசசரும் ஒரு தலைமுறை பழசு. மிச்ச வரிகளை நீங்களே நிரப்பிப் பாருங்கள்.