சென்னையில் தங்கத்தையும் வெள்ளியையும் சிக்கனமாக வாங்கிப் பாதுகாக்கும் முறை

சேமிப்புக்காகத் தங்கம் வாங்குபவர், இன்று வாங்கிய பொருளை இன்றே திருப்பி விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்ற கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. கிராம் விலை தி.நகரிலும் சவுகார்பேட்டையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுபவை செய்கூலியும் சேதாரமும். 100 ரூபாய்த் தங்கத்துக்கு 12 சதவீதம் சேதாரம் போட்ட சங்கிலி, 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 115 ரூபாயைத் தாண்டிவிடும். 2 சதவீதக் கூலியில் கிடைக்கும் தங்கக் காசோ 105 ரூபாய் அளவில் நின்றுவிடும். விற்கும்போது இந்தக் கூடுதலில் ஒரு ரூபாயும் திரும்பி வராது.

அரை கிராம், ஒரு கிராம் காசுகளுக்குக் கூலி விகிதம் அதிகம் என்பதால், மாதந்தோறும் பணத்தை வங்கித் தொடர் வைப்பில் சேர்த்து, ஒரு சவரனாகவோ 10 கிராமாகவோ வாங்குவது மலிவு. நகைக்கடைச் சீட்டுகள் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம், முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்ற விதிதான். அவற்றில் பலவற்றில் சலுகை நகைக்கு மட்டுமே உண்டு, காசுக்குக் கிடையாது. சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கிகள் விற்கும் காசு தரமானதே ஆயினும், வங்கிகள் அதைத் திரும்ப வாங்குவதில்லை. ஆகவே, கழிவில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதித் தரும் கடைக்கு முன்னுரிமை தரலாம்.

ஹால்மார்க் நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22கே916 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும், கடைசியதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே சரிபார்க்கலாம். காசுக்கும் கட்டிக்கும் ஹால்மார்க் கட்டாயமில்லை. அவற்றில் சுத்திகரிப்பு நிறுவனத்தின் பெயர், 999 என்ற தர எண், வரிசை எண் ஆகியவை அச்சிட்ட மூடிய அட்டையைப் பார்த்து வாங்கி, விற்கும் வரை பிரிக்காமல் வைக்க வேண்டும். பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று சொல்லும் கடையை விட்டு நகர்வதே சரி. 24 மாதங்களுக்குப் பின் விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வாங்கிய விலைக்குச் சான்று அந்தப் பில்தான். ஒரே கொள்முதலுக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவும் சட்டத்தில் இடமில்லை.

அவசரத்துக்கு அடகு வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை யோசிக்க வேண்டும்: கட்டித் தங்கத்தின் மேல் வங்கிகள் கடன் தருவதில்லை. அந்தத் தேவைக்கு வேலைப்பாடு குறைந்த இரண்டு வளையல்கள் உதவும்.

பாதுகாப்புச் செலவும் விலையின் ஒரு பகுதியே. இரண்டு மூன்று சவரனுக்கு லாக்கர் எடுத்தால் வாடகையே சேமிப்பைத் தின்றுவிடும். லாக்கர் எடுப்பவர் அறிய வேண்டியது, 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி: தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான், வாடகை 3,000 என்றால் உச்சவரம்பு 3 லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் கிடையாது. 2015 டிசம்பரைப் பார்த்த ஊரில், தாழ்வான பகுதியில் அடித்தளத்தில் லாக்கர் அறை உள்ள கிளையைத் தவிர்த்து, மாடியில் உள்ளதைத் தேடுவது மிகையான எச்சரிக்கை ஆகாது. வீட்டில் வைப்பவர், வீட்டுக் காப்பீட்டில் நகைக்கான தனிப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கிருந்தாலும் பில்லின் படம் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

வெள்ளிக்கும் ஜி.எஸ்.டி. 3 சதவீதம்தான்; ஆனால் அதே தொகைக்குப் பல மடங்கு எடையும் இடமும் தேவை. கொலுசு, குத்துவிளக்கை விட 999 தரக் கட்டியே லாபம். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். சென்னையின் ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு என்பதால் அதைச் சுற்றாமல், காற்றுப் புகாத ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வைக்க வேண்டும். கறுத்த கட்டியைப் பற்பொடியால் தேய்க்கக் கூடாது. எடை பார்த்து வாங்குபவர் நிறத்துக்காக விலையைக் குறைப்பதில்லை.